யாரோடு யாரை விடுவது? வீட்டுக் கடல் தொட்டியின் கதை

"அங்கிள், நீமோவும் டோரியும் ஒரே தொட்டியில இருக்குமா?"

போன மாதம் லிஃப்டில் ஒரு சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மூன்றாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல. "பிறகு சொல்கிறேன்" என்று இறங்கிவிட்டேன். நம் குடியிருப்பில் மாலை நடைப்பயிற்சியின்போது அண்ணாந்து பார்த்தால் நீல விளக்கு எரியும் வரவேற்பறைகள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வருவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சிறுவனுக்கும் அந்த வீடுகளுக்கும், இனிமேல் தொட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

முதலில் ஒரு வாக்குமூலம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கடல் மீன் தொட்டி வைத்தேன். கடைக்காரர் காட்டியவற்றில் அழகானவையாகப் பார்த்து, ஒரே நாளில் எட்டு மீன்கள் வாங்கி வந்தேன். அவற்றில் ஒன்று டோமினோ. கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் பொட்டுகள், கட்டைவிரல் அளவு. ஐந்தாம் வாரம் தொட்டியில் மூன்று மீன்கள் இருந்தன. செத்தவற்றில் இரண்டின் துடுப்புகள் கந்தலாகியிருந்தன. அந்தக் கட்டைவிரல் மீன் பாறையின் ஒரு மூலையைத் தன் வீடாக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்த எல்லோரையும் விரட்டி விரட்டிக் கடித்திருக்கிறது. நீரின் உப்பை அளந்தேன், வெப்பத்தை அளந்தேன். யாரோடு யாரை விடுகிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை.

அதன்பின் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நான் செய்த ஒவ்வொரு தவறையும் எனக்கு முன்னால் யாரோ செய்து, அதற்கு விடையும் கண்டிருந்தார்கள்.

லண்டன் வீட்டில் ஒரு பவளம்

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி ழான் வில்ப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தையல் வேலை செய்துவந்தவர். மணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். 1832-இல் மெஸ்ஸினா கடற்கரையில் கண்ணாடித் தொட்டிகள் செய்து, ஆர்கோனாட் என்ற எண்காலி இனத்தை அவற்றில் வளர்த்தார். அது தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு உயிரின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்பது அன்றைய பெரிய சர்ச்சை. தானே செய்கிறது என்று தொட்டியின் வழியாக நிரூபித்தார்.

ஆனால் அவர் கடற்கரையில் இருந்தவர். கடலிலிருந்து தள்ளி, நகரத்து வீட்டுக்குள் கடல் உயிரை நெடுநாள் வைத்திருந்த கதை ஆனா தின் அம்மையாருடையது. 1846-இல் இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையில் சில சிறு பவளங்களைக் கண்டு ஆசைப்பட்டு, லண்டனுக்கு எடுத்து வந்தார். நீர் எல்லாப் பக்கமும் படவேண்டும் என்பதற்காக அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து வைத்தார். லண்டனில் கடல்நீர் கிடைப்பது அரிது. ஆகவே இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் ஆற்றி ஆற்றி ஊற்றச் செய்தார். நாம் காபி ஆற்றுவதுபோல! அந்த வேலையை நாள்தோறும் செய்தவர் அந்த வீட்டின் பணிப்பெண். மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தன.

இன்று உங்கள் தொட்டியில் இரவும் பகலும் ஓடும் பம்பு செய்வது அந்தப் பணிப்பெண்ணின் வேலையைத்தான். மின்சாரம் போனால் முதலில் திணறப்போவது மீன்களின் மூச்சு என்பதை நினைவில் வையுங்கள். இன்வெர்ட்டரில் விளக்கை இணைக்காவிட்டாலும் பரவாயில்லை, காற்றுப் பம்பை இணைத்துவிடுங்கள்.

நத்தை கற்றுத் தந்த கணக்கு

1849-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு நன்னீர்த் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயுவைத் தரும், கணக்குச் சரி என்று நினைத்தார். சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அப்போது குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இதை வெளியிட்டார். வெறும் இருவர் உறவல்ல, குப்பை அள்ளும் மூன்றாமவரும் இருந்தால்தான் குடித்தனம் நடக்கும் என்பது அவர் கண்டது. துப்புரவுப் பணியாளர் இரண்டு நாள் வராவிட்டால் நம் பிளாக் என்னவாகிறது என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீங்கிக் கண்ணாடி மலிவானது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறந்தது. 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீடுதோறும் கொண்டுபோனது. சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அதே ஆண்டு அவர் வெளியிட்டார். கடலுக்குப் போகாமலே கடல் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அப்போது வந்தது.

விளைவு? தொட்டி மோகம் பிடித்த மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சுரண்டினார்கள். தந்தையின் நூல்கள் தூண்டிய ஆர்வமே தாம் சிறுவயதில் கண்ட அந்தக் குட்டைகளை வெறுமையாக்கியது என்று காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய நூலில் வருந்தியிருக்கிறார். வீட்டில் ஒரு கடல் வேண்டும் என்ற ஆசை, வெளியிலிருக்கும் கடலைக் குறைக்கும் என்ற முதல் எச்சரிக்கை அது.

1871-இல் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சிச்சாலையில் மீன்கள் இருக்கும் தொட்டிகளுக்குக் கீழே, இருட்டில், பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து நீரைச் சுழலவிட்டார். மீனுக்குத் தெரியாமல் நீர் அதிகம் இருந்தால் அழுக்கு செறிவடையாது. இன்றைய பவளத்தொட்டிகளின் அடியிலுள்ள தொட்டிக்கும் 'சம்ப்' என்றே பெயர். நம் குடியிருப்பு சம்பின் குட்டித் தம்பி!

சென்னையும் பின்தங்கவில்லை. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முன்னெடுத்த முயற்சியால் 1909-இல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

பாறையே வடிகட்டி

விமானப் போக்குவரத்து வளர்ந்த பிறகு, வெப்பக் கடல் மீன்கள் உலகமெங்கும் பறந்தன. இலங்கையிலிருந்து மீன் பிடித்து அனுப்புவதில் ராட்னி ஜாங்க்லாஸ் என்ற முக்குளிப்பு வல்லுநர் முன்னோடி. ஆனால் போய்ச் சேர்ந்த மீன்கள் நெடுநாள் வாழவில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அவற்றைக் கொன்றது.

விடை ஜகார்த்தாவிலிருந்து வந்தது. லீ சின் எங் என்பவர் 1961-இல் அமெரிக்க இதழொன்றில் தம் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், மெல்லிய காற்றுக் குமிழிகள், அவ்வளவுதான். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். 1970களில் பெர்லின் ஆர்வலர்களும் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸும் இதோடு நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும், வலுவான ஒளியையும், பவளம் வளரச் சுண்ணாம்புத் தெளிநீரையும் சேர்த்தார்கள். இன்றைய வீட்டுப் பவளத்தொட்டி அந்தப் 'பெர்லின் முறை'யின் வாரிசு.

ஆக, நீர்க் கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. மீன்களின் மனக்கணக்கு?

வண்ணச் சுவரொட்டிகளின் சண்டை

இதைக் கூர்ந்து பார்த்தவர் ஆஸ்திரிய விலங்கு நடத்தை அறிஞர் கான்ராட் லோரென்ஸ். பின்னாளில், 1973-இல், நோபல் பரிசு பெற்றவர். ஃப்ளோரிடாவின் பவளப்பாறைகளில் முக்குளித்தபோது ஒன்றைக் கவனித்தார். கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள மீன்கள் தம் இனத்து மீனைக் கண்டால் பாய்கின்றன, வேற்றினத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது உண்மையா என்று ஆய்வகத் தொட்டியில் சோதித்தார். ஒரே இனத்தில் பலவற்றை விட்டால் நாளடைவில் வலியது ஒன்றே மிஞ்சியது. அந்த ஒன்று மற்ற இனங்களோடு அடங்கி வாழ்ந்தது. 1963-இல் வெளியான நூலில் அவர் தந்த விளக்கம் இது: அந்த நிறங்கள் சுவரொட்டி போன்றவை. 'இந்த இடம் எனக்கு' என்று தன் போட்டியாளனுக்கு அறிவிக்கின்றன. போட்டியாளன் யார்? தன் இரையையே தேடும், தன் இனத்தான்.

கடலில் இந்தச் சண்டையால் யாரும் எளிதில் சாவதில்லை. தோற்றவன் அடுத்த பாறைக்குப் போய்விடுவான். நான்கடித் தொட்டியில் அடுத்த பாறை எங்கே இருக்கிறது? சண்டை அதேதான். தப்பும் வழிதான் இல்லை. என் ஐந்து மீன்கள் செத்ததற்குக் காரணம் டோமினோவின் கெட்ட குணம் அல்ல. நான் கொடுத்த இடத்தின் அளவு.

லோரென்ஸின் விதிக்குத் திருத்தமும் வந்தது. 1970களில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் டாம்செல் மீன்களைக் கவனித்தவர்கள், அவை தம் பாசியை மேயவரும் வேற்றின மீன்களையும் விரட்டுவதைக் கண்டார்கள். பாசி தின்னாதவை வந்தால் அவ்வளவு கோபமில்லை. ஆக, சண்டை இனத்தைப் பார்த்து மட்டும் வருவதல்ல, இரையைப் பார்த்தும் வருகிறது. உருவம், நிறம், உணவு மூன்றும் எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பகை.

கோமாளி மீன் விதிவிலக்கு. 1977-இல் வெளியான ஆய்வு அதன் குடும்ப அமைப்பைக் காட்டியது. ஒரு கடல் சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். அதனால்தான் அளவில் சற்று வேறுபட்ட இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் தாமே இணையாகிவிடுகின்றன. மூன்றாவதை விட்டால் அடிவாங்கும்.

நீங்கள் தொடங்குவதானால்

இந்த வரலாற்றிலிருந்தும் என் ஐந்து மீன்களிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் இவை. சுமார் 200 லிட்டர் தொட்டியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

1. காத்திருங்கள். பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை மீன் வேண்டாம்.

2. கடையில் இருக்கும் அளவைப் பார்க்காதீர்கள். வளர்ந்தபின் எவ்வளவு என்று கேளுங்கள். டோரி எனப்படும் நீல டாங் குட்டியாக இருக்கையில் ரூபாய் நாணயம் போலிருக்கும். வளர்ந்தால் ஓரடி. நாளெல்லாம் நீந்தும் மீன்.

3. வாயைப் பாருங்கள். வாய்க்குள் போகக்கூடிய எதுவும் இரைதான். கலவா, சிங்கமீன், கிளாத்தி இவை சிறு மீன்களும் இறால்களும் உள்ள தொட்டிக்கு ஆகா.

4. ஒரு சாயலில் ஒன்றுதான். உருவமும் நிறமும் உணவும் ஒத்த இரண்டு வேண்டாம். இணையாக வாழ்பவை மட்டும் விதிவிலக்கு.

5. தொட்டியை மாடிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியில் ஒருவர், பாறை இடுக்கில் ஒருவர், நடுநீரில் ஒருவர். அடிமணலுக்குக் காவல் கோபியும் பிஸ்டல் இறாலும் நல்ல சோடி. கண் மங்கலான இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். நம் வாயில் காவலர் போல, ஆபத்து என்றால் வாலசைத்துச் சொல்லிவிடும். நடுநீருக்கு ஒரு ஃபயர்ஃபிஷ். ஆண், பெண் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு பங்காய் கார்டினல் இணை. அதன் மேல் ஒரு கோமாளி இணை. அதோடு நிறுத்துங்கள்.

6. சாதுவை முதலில், சண்டைக்காரனைக் கடைசியில் விடுங்கள். முதலில் வந்தவர் முழுத் தொட்டியையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்வார். மேலே சொன்ன கூட்டத்தில் கோமாளிகள் கடைசியாக வரட்டும். இடையில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

7. மீன்களைவிட ஒளிவிடங்கள் அதிகம் இருக்கட்டும். புதிய மீனைச் சில வாரம் தனிச் சிறுதொட்டியில் வைத்து, நோயில்லை என்று தெரிந்தபின் சேருங்கள்.

8. பண்ணையில் பிறந்த மீனையே கேளுங்கள். 1960களில் பிலிப்பைன்ஸில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தொடங்கியது. அது மீனையும் பவளத்தையும் சேர்த்துக் கொன்றது. இந்தோனேசியாவின் ஒரு சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும் இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல், தொட்டிகளுக்காகப் பிடிக்கப்பட்டே அருகிப்போன இனம். ஆனால் இன்று பங்காய், கோமாளி இரண்டையும் பண்ணையில் வளர்க்கிறார்கள். கோமாளி மீன் குஞ்சு பொரிப்பு முறையை நம் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வாளர்களே உருவாக்கியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டி உணவுக்கும் பழகியிருக்கும்.

சட்டமும் தளமும்

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2001-இலிருந்து நம் நாட்டில் எல்லாக் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளம் தோண்டியதன் விலையாக, 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. "ராமேஸ்வரம் பவளம், மலிவு" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டுக் கல் பவளமானாலும் அனுமதி ஆவணம் வேண்டும். செய்பாறையில் பாக்டீரியாவை வளர்த்தாலே மேலே சொன்ன மீன்கள் நிம்மதியாக வாழும். பவளம் இல்லை என்று அவை கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்து, கீழ்வீட்டுக்காரர். 200 லிட்டர் கடல்நீர் மட்டும் 205 கிலோ. பாறை, மணல், கண்ணாடி, மேசை சேர்ந்தால் 300-ஐத் தாண்டும். குடியிருப்புத் தளங்களுக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்த அளவே தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரோரம் வைக்கக் காரணம் போதும். இதைவிடப் பெரிதானால் பொறியாளரிடம் கேட்டபின் வாங்குங்கள். சங்க அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, வளர்க்க முடியவில்லை என்றால் மீனைக் கடலிலோ ஏரியிலோ நம் மழைநீர்க் கால்வாயிலோ விடாதீர்கள். நம் பக்கத்துக் கடல்களின் சிங்கமீன் 1985-இல் முதன்முதலாக ஃப்ளோரிடா கடலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து போனவை என்றே கருதப்படுகிறது. இன்று கரீபியக் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. விற்ற கடையோ வேறொரு வளர்ப்பவரோ வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு டோமினோவும் அப்படித்தான் ஆறடித் தொட்டி உள்ள ஒருவர் வீட்டுக்குப் போனது. அங்கே தன்னைவிடப் பெரியவர்களின் நடுவே ஒழுங்காக இருக்கிறது என்று கேள்வி.

லிஃப்ட் தம்பிக்கு வருகிறேன். நீமோவும் டோரியும் ஒரே தொட்டியில் இருக்கும், கண்ணு. ஒன்றோடொன்று பகையில்லை. ஆனால் டோரிக்கு உங்கள் வீட்டு ஹாலின் ஒரு சுவர் முழுக்க வேண்டும். நீமோவுக்கு ஒரு மேசை போதும். கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்திருக்கிறது. இன்று நீ வாங்கினால், நீ வேலைக்குப் போகும்போதும் அது உன் வீட்டில் இருக்கக்கூடும். அதற்குச் சம்மதமா என்று அப்பா அம்மாவையும் உன்னையும் கேட்டுக்கொண்டு, பிறகு எங்கள் வீட்டுக்கு வா. இப்போது எங்கள் தொட்டியில் ஆறு பேர்தான். மூன்று ஆண்டாக யாரும் யாரையும் கடிக்கவில்லை.